பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லும் முன்

ஸ்ரீரங்கத்துக்காரர்கள் வாயில் ஒரு நாளைக்குப் பலமுறை வரும் சொல், "பெருமாள் பார்த்துப்பார்." வரன் தகையாவிட்டாலும் அதுதான், காவிரியில் தண்ணீர் வராவிட்டாலும் அதுதான். அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதை மனதார நம்புகிறவன். ஆனால் மின்வாரியத்தில் ஹெல்ப்பராகச் சேர்ந்து, வயர்மேனாகி, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் என்பதால், சில இடங்களில் அது காதில் விழும்போது மனம் பதறுகிறது.

என் மருமகள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். மெத்தை மேல் லேப்டாப், தலையணைக்கு அடியில் அடாப்டர், சுவரோரம் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதைச் சுற்றித் தவழும் பேரன். ஒருநாள் அவளே சொன்னாள்: "லேப்டாப் மேல கை வச்சா விர்ருவிர்ருன்னு இருக்கு மாமா. ஆனா வேலை நல்லாத்தான் செய்யுது. பெருமாள் இருக்கார், ஒண்ணும் ஆகாது."

அவளுடைய பக்தி உண்மையானது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் கேள்வி வேறு. கடவுள் காப்பார் என்று நம்புகிறவர், தானும் எழுந்து போய் ஸ்விட்சை அணைத்துக் காத்துக்கொண்டால் அது நம்பிக்கையில் குறையா? நம்பிக்கை முழுமையாக இருந்தால் எச்சரிக்கை எதற்கு?

இது இன்று முளைத்த கேள்வி அல்ல. எங்கள் ஊரில் சில நூறு ஆண்டுகளாக உபந்நியாசங்களில் பேசப்படுவது. குரங்குக் குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பிடி விட்டால் விழும். பூனைக்குட்டி எதுவும் செய்வதில்லை. தாய்ப்பூனை கவ்விக்கொண்டு போகிறது. உயிர் கடைத்தேறுவதற்கு நம் பக்கம் ஒரு பிடி வேண்டும் என்பது வடகலையார் எடுத்துச் சொல்லும் மர்க்கட நியாயம். பற்றுவதும் அவன், சுமப்பதும் அவன் என்பது தென்கலையார் சொல்லும் மார்ஜார நியாயம். வேதாந்த தேசிகரும் பிள்ளை லோகாசாரியாரும் இந்த இரண்டு வழிகளின் பெரிய ஆசிரியர்கள். திண்ணையில் உட்கார்ந்து இதைப் பேசத் தொடங்கினால் பொழுது போவதே தெரியாது.

நான் படித்தவன் அல்ல, கேட்டவன். கேட்டதில் எனக்குப் பிடிபட்ட ஒன்று உண்டு. இந்த விவாதம் மோட்சத்தைப் பற்றியது. உயிர் பிறவியிலிருந்து எப்படி விடுபடும் என்பதைப் பற்றியது. ப்ளக்கைப் பற்றியது அல்ல. பூனைக்குட்டி நியாயத்தைக் கொண்டுவந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது அந்த ஆசிரியர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பாருங்கள். 1323 வாக்கில் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தை நோக்கி வந்தது. அப்போது மூலவர் சன்னதிக்கு முன்னால் கல் திரை எழுப்பினார்கள். உற்சவரான நம்பெருமாளைப் பல்லக்கில் ஏற்றித் தெற்கே கொண்டுபோனவர் பிள்ளை லோகாசாரியார். அப்போது அவர் தள்ளாத கிழவர் என்று மரபு சொல்கிறது. மதுரைக்குப் பக்கத்தில் ஜோதிஷ்குடி என்ற இடத்தில், இன்றைய கொடிக்குளத்தில், அவர் காலம் முடிந்தது. நம்பெருமாள் பல ஊர் சுற்றி, விஜயநகரத் தளபதி கோபணார்யர் காலத்தில், 1371-ல்தான் திரும்பி வந்தார். உயிரைச் சுமந்துசெல்வது அவன் பொறுப்பு என்று போதித்த அதே ஆசிரியர், ஆபத்து வந்தபோது அவனைச் சுமந்துகொண்டு காட்டுவழி நடந்தார். "தன்னைத் தான் பார்த்துக்கொள்ளட்டும்" என்று சொல்லவில்லை. அந்த ஒரு செயலுக்குள் என் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது.

மின்வாரியத்தில் கம்பம் ஏறும் ஆட்களுக்கு எல்லா சாமியும் உண்டு. முனீஸ்வரனுக்குச் சூடம் கொளுத்தாமல் டிரான்ஸ்பார்மர் வேலையைத் தொடங்காத கூட்டாளிகளை எனக்குத் தெரியும். நானும் திருமண் இட்டுக்கொண்டுதான் போவேன். அதே ஆட்கள் எல்.சி. வாங்காமல் கம்பத்தில் கை வைக்க மாட்டார்கள். எல்.சி. என்றால் லைன் கிளியர். அந்தக் கம்பியில் மின்சாரம் நிறுத்தப்பட்டுவிட்டது என்று சப்-ஸ்டேஷன் கொடுக்கும் உத்தரவாதம். அதற்கு மேலும், வேலை நடக்கும் இடத்தில் எர்த் ராடு மாட்ட வேண்டும். சூடமும் எல்.சி.யும் ஒன்றோடொன்று சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சூடத்தை அணைத்துவிட்டு எல்.சி. எண்ணைக் குறித்துக்கொள்வோம்.

ஒரு மழைக்கால இரவு, என்னோடு வேலை பார்த்த வயர்மேன் ஒருவர் எல்.சி. வாங்கிக்கொண்டு ஏறினார். எர்த் மாட்டுவதற்குள், பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். அதற்கு முறையான சேஞ்ச்-ஓவர் ஸ்விட்ச் இல்லை. மின்சாரம் பின்வழியாகக் கம்பியில் ஏறியது. அவர் கீழே வந்து சேர்ந்தபோது உயிர் இல்லை. மண்டபத்துக்காரர் கெட்டவர் அல்ல. பக்திமான். அந்த ஜெனரேட்டருக்குப் பூசணிக்காய் உடைத்துப் பூஜை போட்டிருந்தார். அதன் மேல் குங்குமம் அப்போதும் காயாமல் இருந்தது.

அந்த இரவுக்குப் பிறகு எனக்கு ஒன்று உறுதியானது. நம்பிக்கை ஒருவருடையது, அவருடைய கவனக்குறைவால் விழும் அடி இன்னொருவருடையது. மண்டபத்துக்காரர் கடவுளை நம்பினார், ஆனால் பணயமாக வைத்தது என் கூட்டாளியின் உயிரை. என் உயிரை நான் இறைவனிடம் ஒப்படைக்கலாம், அது எனக்கும் அவனுக்கும் உள்ள கணக்கு. தவழும் குழந்தையின் உயிரை ஒப்படைக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

வீட்டில் லேப்டாப் வைத்திருக்கிற எல்லாருக்கும் இது பொருந்தும். அந்த விர்ருவிர்ரு என்ன என்பதைச் சொல்கிறேன். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். அடாப்டர் அதைப் பெரும்பாலும் 19, 20 வோல்ட்டாகக் குறைத்து லேப்டாப்புக்குக் கொடுக்கிறது. அதனுள் இரைச்சலை வடிகட்ட ஒரு சிறு கெப்பாசிட்டர் உண்டு. அதன் வழியாக மில்லி ஆம்பியரில் ஒரு பின்னம் அளவு மின்சாரம் கசியும். மூன்று கால் ப்ளக்கும் சுவருக்குள் எர்த் கம்பியும் இருந்தால் அந்தக் கசிவு நிலத்துக்குப் போய்விடும். இல்லாவிட்டால் லேப்டாப்பின் உலோக உடம்பில் நின்று, நம் விரல் வழியாக வழி தேடும். அந்தக் கசிவு ஆளைக் கொல்லாது. ஆனால் அது ஒரு செய்தி சொல்கிறது: எர்த் வந்து சேரவில்லை. நாளைக்கு அடாப்டருக்குள் காப்புறை கெட்டு முழு 230 வோல்ட்டும் அந்த உடம்புக்கு வந்தால், அப்போதும் எர்த் இருக்காது. 1 மில்லி ஆம்பியர் கையில் தெரியும். 10 மில்லி ஆம்பியரில் பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகும். 30-ஐத் தாண்டி நெஞ்சு வழியாகப் போனால் இதயம் தடுமாறும்.

மூன்று கால் ப்ளக்கை எடுத்துப் பாருங்கள். எர்த்துக்கு உரிய கால் மற்ற இரண்டைவிட நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். மின்சாரம் வருமுன் காப்பு வந்துவிடுகிறது. முகம் தெரியாத யாரோ ஒருவர், முகம் தெரியாத யாரோ ஒருவருக்காக யோசித்து வைத்த கருணை அது. அந்தக் காலை உடைத்துவிட்டோ, இரண்டு கால் கன்வெர்ட்டரில் செருகியோ பயன்படுத்தும்போது அந்தக் கருணையை வேண்டாம் என்று தள்ளுகிறோம். பெருமாள் காப்பார் என்கிறோமே, எந்த வழியாகக் காப்பார் என்று நினைக்கிறோம்? கருடன் மேல் வந்து இறங்கினால்தான் காப்பாற்றியதாகக் கணக்கா? எனக்கு அந்த நீளமான பித்தளைக் காலும் அவன் அனுப்பியதுதான்.

எங்கள் உத்தர வீதிகளில் பழைய வீடுகள் அதிகம். பல வீடுகளில் ஸ்விட்ச் போர்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதன் பின்னால் கம்பி இருக்காது. எலக்ட்ரீஷியனிடம் டெஸ்ட் விளக்கு இருக்கிறது. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். என் வீட்டுக் கொல்லையில் எர்த் குழி உண்டு. கரியும் உப்பும் போட்டு நிரப்பியது. கோடையில் மண் காய்ந்தால் எர்த் வலுவிழக்கும் என்பதால் சித்திரை, வைகாசியில் அதற்குத் தண்ணீர் விடுகிறேன். துளசி மாடத்துக்கு விட்டுவிட்டு அதே செம்பில் அதற்கும் விடுகிறேன். இரண்டும் எனக்கு வழிபாடுதான்.

இனி சூடு. லேப்டாப்பின் அடியிலும் பக்கவாட்டிலும் இருக்கும் துவாரங்கள் வழியாகக் காற்று உள்ளே போய்ச் சூட்டை வெளியே தள்ளுகிறது. மெத்தை, போர்வை, தலையணை எல்லாம் அந்தத் துவாரத்தை அடைத்துவிடும். அடாப்டரைத் துணிக்கு அடியில் வைத்தாலும் இதே கதைதான். உள்ளே இருக்கும் லித்தியம் அயன் பேட்டரியில் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவே மிக மெல்லிய பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று இருக்கிறது. மிகுந்த சூட்டிலோ அடியிலோ அது கிழிந்தால், ஒரு செல்லில் பிறக்கும் வெப்பம் பக்கத்துச் செல்லையும் பற்ற வைக்கும். 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம், சோனி செய்த செல்கள் கொண்ட 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. உலகின் பெரிய தொழிற்சாலை ஒன்றிலேயே கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள் செல்லுக்குள் போய்விட்டதுதான் காரணம். அப்படி இருக்கும்போது, சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கும் பெயர் தெரியாத சார்ஜரையும் பேட்டரியையும் வாங்கிக் குழந்தை தூங்கும் அறையில் இரவு முழுவதும் சொருகி வைப்பது எந்த நம்பிக்கையில்?

பேட்டரி உப்பினால் லேப்டாப்பே காட்டிக்கொடுக்கும். டச்பேட் மேலே எழும்பும், மூடி சரியாகப் பொருந்தாது. அன்றே சார்ஜ் போடுவதை நிறுத்த வேண்டும். அமுக்கக் கூடாது, குத்திப் பார்க்கக் கூடாது, குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. சர்வீஸ் சென்டரில் கொடுக்க வேண்டும். புகை வந்துவிட்டால் பொருளைப் பார்க்காதீர்கள். முடிந்தால் மெயினை அணைத்து, ஆட்களை வெளியே கொண்டுபோய், 101-ஐ அழையுங்கள்.

சரணாகதிக்கு அங்கங்கள் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்கு உகந்ததைச் செய்வேன் என்ற உறுதி முதலில். அது ஆனுகூல்ய சங்கல்பம். அவனுக்கு ஒவ்வாததை விலக்குவது அடுத்தது. அது பிராதிகூல்ய வர்ஜனம். அவன் நிச்சயம் காப்பான் என்ற மகாவிசுவாசம் அவற்றுக்குப் பிறகுதான் வருகிறது. பெரியவர்கள் இதை வேறு ஆழத்தில் விளக்குவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வேலை செய்து வாழ்ந்தவனுக்கு இந்த வரிசையே பாடம். விலக்க வேண்டியதை விலக்காமல் விசுவாசத்துக்குத் தாவ முடியாது. பச்சிளம் குழந்தைக்குத் தீங்கு வரக்கூடிய ஒன்றைத் தெரிந்தே விட்டுவைப்பது அவனுக்கு உகந்ததா, ஒவ்வாததா? இதற்குச் சாத்திரம் புரட்ட வேண்டியதில்லை.

உடம்பும் அப்படியே. ஜீவன் அவனுடைய சொத்து என்பது எங்கள் சம்பிரதாயத்தின் அடிப்படை. சொத்து அவனுடையது என்றால் அதைச் சிதைக்க எனக்கு உரிமை இல்லை. மருமகள் கழுத்தை வளைத்துக் கொண்டு மணிக்கணக்கில் குனிந்திருந்தாள். இப்போது லேப்டாப்பை உயரமான மரப்பெட்டி மேல் ஏற்றி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி வைத்து, தனியாக ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். 20 நிமிஷத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் இருப்பதை 20 விநாடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் மருத்துவர்கள். அவள் ஜன்னல் வழியாகத் தெரியும் கோபுரத்தைப் பார்க்கிறாள். கண்ணுக்கும் நல்லது, சேவையும் ஆயிற்று. மடியில் வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று: 2010-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள், நாள்தோறும் லேப்டாப்பைத் தொடை மேல் வைத்து விளையாடிய 12 வயதுச் சிறுவனின் தோல் வலைபோலக் கருத்துப்போனதைப் பதிவு செய்தார்கள். குளிர்காய்கிறவர்களுக்கு வரும் அதே தோல் நோய்.

வயரில் வராத ஆபத்தும் இருக்கிறது. அது நம் பக்தியையே தூண்டிலாக ஆக்குகிறது. கேதார்நாத் ஹெலிகாப்டர், கோயில் விடுதி அறை என்று போலித் தளங்கள் வைத்து யாத்திரிகர்களிடம் பணம் பறிக்கிறார்கள் என்று மத்திய உள்துறையின் சைபர் குற்றப் பிரிவு 2025-ல் எச்சரித்தது. போலீஸ் உடையில் வீடியோ அழைப்பில் வந்து "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுகிறவர்களுக்குப் பயந்து, ஓய்வூதியம் முழுவதையும் அனுப்பிய பெரியவர்கள் எத்தனையோ பேர். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. யார் சொன்னாலும் நம் திரையை அவர்கள் பார்க்கும்படியான செயலியை ஏற்றக் கூடாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக் கொண்டிருக்காமல் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வழி உண்டு. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. பழைய லேப்டாப்பில் வங்கிக் கணக்கைத் திறக்கிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம்பெருமாள் ஊரைவிட்டுப் போன அதே கலவரத்தில் வேதாந்த தேசிகர் என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்ரீபாஷ்யத்துக்குச் சுதர்சன சூரி எழுதிய உரை சுருதப்பிரகாசிகை. அந்தச் சுவடியையும் சூரியின் இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்ற, இரவெல்லாம் பிணங்களுக்கு நடுவே பிணம்போலக் கிடந்து, பிறகு கர்நாடகத்துச் சத்தியகாலத்துக்குப் போய்ச் சேர்ந்தார் என்பது மரபு. அந்த உரை இன்று நம் கையில் இருப்பது அதனால்தான். ஓலைச்சுவடி அழியக்கூடியது. யாராவது படியெடுத்துக்கொண்டே இருந்ததால்தான் ஆழ்வார்கள் பாசுரமும் நமக்குக் கிடைத்தது. லேப்டாப்பின் டிஸ்க்கும் அழியக்கூடியது. என் தகப்பனார் பாராயணம் செய்த குரல் ஒரு பழைய கேசட்டில் இருந்தது. அதைக் கணினியில் ஏற்றி, ஒரு படி என்னிடமும் இன்னொரு படி தனி ஹார்ட் டிஸ்க்கில் தங்கை வீட்டிலும் வைத்திருக்கிறேன். ஒரே வீட்டில் இரண்டையும் வைத்தால் ஒரு தீயோ ஒரு வெள்ளமோ இரண்டையும் கொண்டுபோகும்.

இவ்வளவு செய்த பிறகும் ஆபத்து வரலாம் என்பது எனக்குத் தெரியும். கம்பத்தில் ஏறிய என் கூட்டாளி எல்.சி. வாங்கிக்கொண்டுதான் ஏறினார். அவரை ஏன் பெருமாள் காக்கவில்லை என்று அவர் மனைவி என்னைக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. கர்மம் என்று சொல்லி அந்த அம்மாள் வாயை அடைக்க எனக்கு மனம் வரவில்லை, இன்றும் வராது. ஆனால் காரணம் என்னவென்று என் கண்ணால் பார்த்தேன். சில ஆயிரம் ரூபாய் ஸ்விட்ச் ஒன்று அங்கே இல்லை. மனிதர் செய்ய வேண்டியதை மனிதர் செய்யாமல் விட்ட இடத்தைக் கடவுளின் கணக்கில் எழுத நான் சம்மதிக்க மாட்டேன். மனிதர் செய்யக்கூடியதெல்லாம் முடிந்த பிறகு மீதி இருக்கும் இருட்டு அவனுடையது. அந்த இடத்தில்தான் "பெருமாள் பார்த்துப்பார்" என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் உண்டு. எச்சரிக்கையே வாழ்க்கையாகிவிட்டால் மனிதர் தூங்கவே முடியாது. நான் இரவு ப்ளக்குகளைப் பார்த்துவிட்டு வந்து, அவன் பேரைச் சொல்லிப் படுத்தால் நன்றாகத் தூங்குகிறேன்.

சரஸ்வதி பூஜை அன்று லேப்டாப்புக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். வைக்க வேண்டியதுதான். மூடியின் ஒரு மூலையில் வையுங்கள். துவாரத்திலும் கீபோர்டிலும் பொடி விழ வேண்டாம், தீர்த்தம் தெளிக்க வேண்டாம், விளக்கைத் தள்ளி வையுங்கள். அன்று அதை அணைத்து, வயரைப் பிடுங்கி, ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். அன்றைக்கே அடாப்டர் வயரில் வெடிப்பு இருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். ஐப்பசி இடி மழைக்கு முன்னால் பார்ப்பது நல்லது. இடி இடிக்கும்போது ஸ்விட்சை அணைத்தால் போதாது, மழை நெருங்கும் முன்பே ப்ளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

வாசிக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டு மெயின் போர்டில், மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் என்று அதன் மேல் அச்சிட்டிருக்க வேண்டும். அதில் சிறிய டெஸ்ட் பொத்தான் இருக்கும். லேப்டாப், டி.வி. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அதை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால், அல்லது அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இல்லவே இல்லை என்றால், அன்றைக்கே ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.